கூப்பிட்டா வராத ரோலக்ஸ்: விலங்குப் பயிற்சியில் 'க்யூ' எப்படி வேலை செய்கிறது?

இந்த இதழுக்கு நான் எழுதித் தர்றதா ஒத்துக்கிட்டது ஆன்டெனா பத்தி. ஈ.சி.இ. ஃபைனல் இயர் ஆள் வேற எதை எழுதுவான்னு நீங்களும் எதிர்பார்த்திருப்பீங்க. ஆனா ஆறாவது செமஸ்டர் லீவுல எங்க வீட்டு நாயால ஒரு சம்பவம் நடந்தது. அதுக்கு அப்புறம் ரெண்டு மாசம் நான் படிச்சது, செஞ்சு பார்த்தது எல்லாம் சிக்னல் பத்திதான். என்ன, இந்த சிக்னலுக்கு ரிசீவர் ஒரு நாய். பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், அதனால தமிழ்ல தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

அன்னைக்கு ரோட்டுல நடந்தது

எங்க வீடு தக்கலை பக்கம். வாசல்ல இருந்து பத்தடி நடந்தா மெயின் ரோடு. கல்லும் எம்-சாண்டும் ஏத்தின டாரஸ் லாரிகள் ராத்திரி பகல்னு இல்லாம கேரளா பக்கம் ஓடிக்கிட்டே இருக்கும். ரோலக்ஸ் எங்க வீட்டு நாட்டு நாய். 2022ல 'விக்ரம்' படம் வந்த சமயத்துல தெருவுல கிடைச்ச குட்டி, அதான் அந்தப் பேரு.

அன்னைக்கு கேட் சரியா சாத்தல. ரோலக்ஸ் வெளியே சாடிட்டான். எதிர்ப்பக்கம் ரப்பர் தோட்டத்துல ஏதோ அசைஞ்சது, அதைப் பார்த்து ரோட்டுக்குள்ள இறங்கிட்டான். அம்மா வாசல்ல நின்னு "ரோலக்ஸ், வா!"ன்னு கத்தினாங்க. அவன் நடு ரோட்டுல நின்னான். திரும்பி அம்மாவைப் பார்த்தான். காது ரெண்டும் பின்னால போச்சு, வால் கீழே இறங்கிச்சு. அப்புறம் பைய மறுபக்கம் திரும்பி, வந்துக்கிட்டிருந்த டாரஸ் முன்னாடியே நடந்தான்.

டிரைவர் பிரேக் போட்டார். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அவர் எங்களைத் திட்டின திட்டை இங்க எழுத முடியாது, ஆனா நியாயம் அவர் பக்கம்தான். ரோலக்ஸ் தப்பிச்சுத் தோட்டத்துக்குள்ள ஓடிட்டான். ராத்திரி சோத்து நேரத்துக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பி வந்தான்.

"சவத்துக்கு காது கேக்காதுலே"ன்னு தாத்தா சொன்னார். அது சரியில்ல. அடுக்களையில மீன் சட்டி மூடி திறக்குற சத்தம் கேட்டா, மாமரத்தடியில இருந்து ஒரே சாட்டத்துல வந்து நிப்பான். காது நல்லாவே கேக்குது. ஓடி வரவும் தெரியுது. 'வா'ன்னு சொன்னா மட்டும் வரமாட்டான். ஏன்?

'வா'வுக்கு அப்புறம் என்ன நடக்குது?

லேப்ல சர்க்கியூட் வேலை செய்யலன்னா முதல்ல என்ன பண்ணுவோம்? ஒவ்வொரு இடமா அளந்து பார்ப்போம். அதையே செஞ்சேன். ஒரு வாரம் முழுக்க, வீட்டுல யார் ரோலக்ஸை 'வா'ன்னு கூப்பிட்டாலும், அதுக்கு அடுத்து அவனுக்கு என்ன நடந்ததுன்னு ஒரு நோட்டுல எழுதினேன்.

குளிப்பாட்ட. உண்ணி எடுக்க. சங்கிலியில கட்ட. காதுல மருந்து ஊத்த. விளையாடிக்கிட்டிருந்தவனை உள்ளே அடைக்க. ஒரு வாரத்துல 'வா'வுக்கு அப்புறம் அவனுக்குப் பிடிச்ச ஒரு விஷயம்கூட நடக்கல. காரணம் ரொம்ப சிம்பிள். சோறு போட அவனைக் கூப்பிட வேண்டியதே இல்ல, அவனே முன்னால வந்து நிப்பான். அவனுக்குப் பிடிக்காத வேலைக்குத்தான் 'வா' தேவைப்பட்டது. ஆக மூணு வருஷமா அவனுக்கு நாங்களே கத்துக் கொடுத்திருக்கோம்: 'வா'ன்னா "பக்கத்துல போகாதே".

இந்தக் கட்டுரையில நான் சொல்ல நினைக்கிறதும் இதுதான். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கொடுக்குறது அதைச் சொல்றவர் இல்ல. அந்த வார்த்தைக்கு அப்புறம் வழக்கமா என்ன நடக்குதோ அதுதான் விலங்குக்கு அதோட அர்த்தம்.

க்யூ வேற, கட்டளை வேற

விலங்குப் பயிற்சியில 'க்யூ'ன்னா குறிப்பு. "இப்போ இதைச் செஞ்சா உனக்கு நல்லது நடக்கும்"னு விலங்குக்குக் கிடைக்குற தகவல். சத்தமா இருக்கலாம், கை அசைவா இருக்கலாம், தொடுதலா இருக்கலாம். இடமும் நேரமும்கூட க்யூ ஆகும். கட்டளைங்கிறதுல "செய்யலன்னா பார்த்துக்கோ"ன்னு ஒரு மிரட்டல் ஒளிஞ்சிருக்கும். க்யூவுல அது கிடையாது.

டிராஃபிக் சிக்னலை எடுத்துக்கோங்க. பச்சை விளக்கு உங்க வண்டியைத் தள்ளி விடுறதில்ல. இப்போ போனா பாதுகாப்புன்னு சொல்லுது, அவ்வளவுதான். ஒரு சிக்னல்ல பச்சை விழும்போதெல்லாம் குறுக்கே லாரி வருதுன்னு வையுங்க. நாலாவது நாள் பச்சையைப் பார்த்தாலே பிரேக் பிடிப்பீங்க. ரோலக்ஸ் செஞ்சதும் அதுதான்.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களோட செரிமானத்தை ஆராய்ஞ்சவர். அந்த ஆராய்ச்சிக்குத்தான் 1904ல நோபல் பரிசு கிடைச்சது. சோறு வாய்க்கு வர்றதுக்கு முன்னாடியே, சோறு வரப்போகுதுன்னு காட்டுற அறிகுறிக்கே நாய்க்கு எச்சில் ஊறுதுன்னு கவனிச்சார். பின்னால வந்த அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், விலங்கு தானா செய்ற செயலை ஆராய்ஞ்சார். அவர் வழியில வந்தவங்க இதை மூணு கட்டமா பிரிக்கிறாங்க: முன்னால வர்ற குறிப்பு, நடுவுல செயல், பின்னால விளைவு. நாம எல்லாரும் முதல் கட்டத்துலயே கவனமா இருக்கோம், சத்தமா சொன்னா போதும்னு நினைக்கிறோம். ஆனா அந்த முதல் கட்டத்துக்கு பவர் சப்ளை மூணாவது கட்டத்துல இருந்துதான் வருது.

கெட்ட விளைவோட கலந்து போன க்யூவுக்கு, டால்ஃபின் பயிற்சியாளரா இருந்து பிறகு பயிற்சி பத்திப் புத்தகங்கள் எழுதின கேரன் ப்ரையர் 'விஷமேறிய க்யூ'ங்கிற அர்த்தத்துல ஒரு பேர் வச்சாங்க. எங்க வீட்டு 'வா' விஷமேறின 'வா'.

கணக்குப் போட்ட குதிரை

நாம ஒரு க்யூ கொடுக்குறோம்னு நினைப்போம், விலங்கு வேற ஒண்ணைப் படிச்சிக்கிட்டிருக்கும். இதுக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஜெர்மனியில இருந்த ஹான்ஸ்ங்கிற குதிரை. அதோட உரிமையாளர் ஃபான் ஓஸ்டன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கூட்டல், கழித்தல் எது கேட்டாலும் ஹான்ஸ் குளம்பால தரையைத் தட்டி விடை சொல்லும். 1904ல ஒரு குழுவே வந்து சோதிச்சது. ஏமாத்து வேலை எதையும் அவங்களால கண்டுபிடிக்க முடியல.

ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் விஷயத்தைப் பிரிச்சுப் பார்த்து, 1907ல முடிவை வெளியிட்டார். கேள்வி கேக்குறவருக்கே விடை தெரியலன்னா ஹான்ஸுக்கும் தெரியாது. கேக்குறவர் ஹான்ஸ் கண்ணுக்குப் படலன்னாலும் தெரியாது. குளம்புத் தட்டு சரியான எண்ணிக்கைக்கு வந்ததும் கேக்குறவரோட தலை, உடம்பு லேசா அசையும். அவருக்கே தெரியாத அசைவு. ஹான்ஸ் அதைப் பார்த்துத்தான் நிறுத்துச்சு. குதிரைக்குக் கணக்கு தெரியாது, ஆனா மனுஷனைப் படிக்கத் தெரியும்.

இது பழைய கதைன்னு விட்டுடாதீங்க. 2011ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, மோப்ப நாயும் அதைக் கையாளுறவரும் சேர்ந்த 18 ஜோடிகளை ஒரு கட்டடத்துல தேட விட்டாங்க. உள்ளே போதைப் பொருளோ வெடிமருந்தோ எதுவுமே கிடையாது. ஆனா சில இடத்துல ஒட்டியிருக்குற சிவப்புத் தாள் பொருள் இருக்குற இடத்தைக் காட்டும்னு கையாளுறவங்க கிட்ட சொல்லி வச்சிருந்தாங்க. இல்லாத பொருளை 'இருக்கு'ன்னு காட்டின தேடல்தான் அதிகம், அதுவும் அந்தச் சிவப்புத் தாள் பக்கத்துல கூடுதலா. மனுஷன் மனசுல இருந்த நம்பிக்கை எப்படியோ முடிவுக்குள்ள புகுந்திருச்சு. மோப்ப நாய் காட்டினதை வச்சு ஒருத்தரைச் சந்தேகப்படுற இடத்துல இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க.

நீங்களே வீட்டுல ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். உங்க நாய்க்கு 'இரி' சொன்னா இருக்கத் தெரியுமா? சரி, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, தலையை அசைக்காம, சுவரைப் பார்த்து நின்னு 'இரி'ன்னு சொல்லுங்க. பல நாய்கள் முழிக்கும். அதுங்க படிச்சது உங்க கை, உங்க குனிவு. வார்த்தை சும்மா கூட வந்த சத்தம். ரெண்டு க்யூவை எப்பவும் ஒண்ணா கொடுத்தா, விலங்குக்கு எது சுலபமோ அதைப் பிடிச்சிக்கிட்டு மத்ததை விட்டுடும். வார்த்தையைக் கத்துக் கொடுக்கணும்னா முதல்ல வார்த்தை, ஒரு நொடி இடைவெளி, அப்புறம் கை. புது க்யூ முன்னால, பழைய க்யூ பின்னால. கொஞ்ச நாள்ல வார்த்தைக்கே இருந்துடும், கைக்கு வேலை இருக்காது.

யானைக்கு எந்த பாஷை தெரியும்?

நம்ம ஊர்ல க்யூ பத்திப் பேசிட்டு யானையை விட முடியாது. வருஷா வருஷம் நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதி அம்மன் யானை மேல திருவனந்தபுரம் போறது நமக்குத் தெரியும். குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியா, கூட்டத்துக்கும் மேளத்துக்கும் நடுவுல. அந்தச் சத்தத்துல ஒரு யானைக்கு 'நில்லு', 'நட', 'திரும்பு'ன்னு எப்படிப் புரிய வைக்கிறாங்க?

குழித்துறைப் பக்கம் ஒரு திருவிழாவுக்கு யானையோட வந்திருந்த பாகன் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "வாயி சொல்லதுக்கு முன்ன காலு சொல்லிரும் மக்களே"ன்னார். பாகன் யானை கழுத்துல இருக்கும்போது கால் விரல் யானையோட காதுக்குப் பின்னால இருக்கும். அங்க கொடுக்குற அழுத்தம்தான் முக்கியமான க்யூ. மேளம் எவ்வளவு சத்தமா அடிச்சாலும் தொடு சிக்னல்ல நாய்ஸ் கலக்காது. நம்ம பாஷையில சொன்னா, சானலைச் சரியா தேர்ந்தெடுத்திருக்காங்க.

கீழே நின்னு சொல்றப்போ வார்த்தை. இடது பக்கம் திரும்ப 'இடத்தானே', வலது பக்கம் 'வலத்தானே', நடக்க 'நடயானே'. எல்லாம் மலையாளம். நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்ததால நமக்கு அது வேற்று பாஷையா தோணாது. 'இரி'ங்கிறது நாம வீட்டுல சொல்ற வார்த்தைதானே. ஆனா பீகார்ல இருந்தும் அசாம்ல இருந்தும் கேரளாவுக்கு வந்த யானைகள் பல. அதுங்க வேற பாஷையில பழகினது, இங்க வந்து மறுபடி முதல்ல இருந்து கத்துக்கணும்.

இதுல எனக்கு ஆச்சரியமா இருந்தது ஒண்ணு. ஃபர்ஸ்ட் இயர்ல தமிழர் மரபு பேப்பருக்கு நோட்ஸ் தேடும்போது படிச்சது: பத்துப்பாட்டுல ஒண்ணான முல்லைப்பாட்டுல, பாசறையில இளைஞர்கள் யானையை வடமொழிச் சொற்களைச் சொல்லிப் பழக்குறதா வருது. தமிழ் ராஜாவோட படையில இருந்த யானைக்கு க்யூ தமிழ்ல இல்ல! அப்பவே யானைகளுக்குன்னு ஒரு தனிப் பாஷை ஓடிக்கிட்டு இருந்திருக்கு. பாகனுக்கும் யானைக்கும் அது ஒத்துப் போனா போதும்.

"அப்போ யானைக்கு மலையாளம் தெரியும், இல்லையா?"ன்னு பாகன்கிட்ட கேட்டேன். சிரிச்சார். "அதுக்கு என் மலையாளம் தெரியும். வேற ஒருத்தன் இதே சொல்லைச் சொன்னா சும்மா நின்னு பாக்கும். புதுசா ஆளு வந்தா, பழைய ஆளு கூட நின்னு, தீனி கொடுத்து, குளிப்பாட்டி, பையப் பைய கைமாத்தணும். அவசரப்பட்டா ஆளு போவும்."

'ஆளு போவும்'ங்கிறதை அவர் சாதாரணமா சொன்னார். 2024 நவம்பர்ல திருச்செந்தூர் கோவில் யானை தெய்வானை, தன்னோட பாகனையும் அவர் உறவினர் ஒருத்தரையும் கொன்ன செய்தி நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நமக்கு அது ஒரு நாள் செய்தி. யானை பக்கத்துல தினமும் நிக்கிறவங்களுக்கு அது வேலை.

அடியும் க்யூவும் கலந்த வரலாறும் நம்ம பக்கத்துலயே இருக்கு. யானைக்கு மதம் இறங்கின பிறகு அதை அடிச்சுப் பணிய வைக்கிற வழக்கம் கேரளத்துல இருக்குன்னு பலரும் எழுதியிருக்காங்க. அடிக்குப் பயந்து கேக்குற யானை, பயம் போற நாள்ல கேக்காது. ரோட்டுல நின்ன ரோலக்ஸ் முகம் எனக்கு அப்போ ஞாபகம் வந்தது. முப்பது கிலோகூட இல்லாத நாய் நம்பிக்கை இழந்ததுக்கே எங்க வீட்டுல யாரும் ரெண்டு நாள் சரியா தூங்கல.

க்யூவுக்கு ஒரு ட்ரூத் டேபிள்

ஒரு க்யூ நல்லா பதிஞ்சிருக்குன்னு எப்போ சொல்லலாம்? பயிற்சியாளர்கள் நாலு நிபந்தனை வைக்கிறாங்க. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்களுக்கு சுலபமா புரியும்.

ஒண்ணு: க்யூ கொடுத்தா அந்தச் செயல் நடக்கணும்.
ரெண்டு: பயிற்சி நேரத்துல க்யூ இல்லாம அந்தச் செயல் நடக்கக் கூடாது.
மூணு: இந்த க்யூவுக்கு வேற செயல் நடக்கக் கூடாது. 'இரி' சொன்னா படுக்கக் கூடாது.
நாலு: வேற க்யூவுக்கு இந்தச் செயல் நடக்கக் கூடாது. 'நில்லு' சொன்னா இருக்கக் கூடாது.

முதல் வரியை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு "எங்க நாய்க்கு எல்லாம் தெரியும்"னு சொல்றது, ஒரே ஒரு இன்புட் கொடுத்துப் பார்த்துட்டு சர்க்கியூட் ஓகேன்னு ரெக்கார்டு நோட்டுல எழுதுற மாதிரி. (நாம யாரும் அப்படி எழுதினதே இல்ல.)

எங்க வீட்டுல இன்னொரு குழப்பமும் இருந்தது. நான் 'சிட்', தாத்தா 'இரி', அம்மா 'உக்காரு'. ஒரு செயலுக்கு மூணு க்யூ இருக்கலாம், தப்பில்ல, ஒவ்வொண்ணையும் தனியா பழக்கணும். நாங்க பழக்கினது ஒண்ணுகூட இல்ல, சத்தம் மட்டும் போட்டோம். "வா, வா, வா, வாலே"ன்னு ஆறு தடவை சொல்றதும் அப்படித்தான். ஆறாவது தடவைதான் நிஜம், முதல் அஞ்சு சும்மான்னு நாய் கத்துக்கும்.

சிரட்டை ப்ரோட்டோகால்

விஷமேறின 'வா'வைச் சுத்தம் பண்றதைவிட புதுசா ஒண்ணு உருவாக்குறது சுலபம்னு படிச்சேன். புது க்யூவுக்கு எனக்கு இருந்த தேவைகள்: தூரத்துல கேக்கணும், லாரி சத்தத்துல தனியா தெரியணும், வேற யாரும் தற்செயலா கொடுக்கக் கூடாது, வீட்டுல மூணு பேரும் ஒரே மாதிரி கொடுக்க முடியணும். குரல்ல கோவம், பயம் எல்லாம் கலந்துடும். அம்மா அன்னைக்குக் கத்தினது 'வா' இல்ல, பயம். அதனால குரலே வேண்டாம்னு முடிவு பண்ணி ரெண்டு சிரட்டையை எடுத்தேன். டக்-டக். ரெண்டு தட்டு.

சம்பளம்: முள்ளெடுத்த அவிச்ச சாளை. உப்பு போடாதது. தினமும் கிடைக்காத, ரோலக்ஸுக்கு உயிரான ஒண்ணு.

முதல் படி. அவன் என் பக்கத்துல நிக்கும்போதே டக்-டக், உடனே மீன். அவன் ஒண்ணும் செய்ய வேண்டாம். காலையில பத்து, சாயங்காலம் பத்து. மூணாவது நாள் சத்தம் கேட்டதும் தலை என் கையைப் பார்த்துத் திரும்புச்சு. க்யூ பிறந்தாச்சு.

ரெண்டாவது படி. அஞ்சடி தள்ளி நின்னு. அப்புறம் அடுத்த ரூம்ல இருந்து. அப்புறம் முற்றத்துக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு டக்-டக். வரலன்னா ரெண்டாவது தடவை தட்டக் கூடாது. நான் அவசரப்பட்டுட்டேன்னு அர்த்தம், ஒரு படி பின்னால போகணும்.

மூணாவது படி. கவனத்தைக் கலைக்கிற விஷயங்களோட. பக்கத்து வீட்டுக் கோழி, பூனை, வாசல்ல மீன்காரர் வண்டி. இந்த நேரத்துல நீளமான கயிறு ஒண்ணு கட்டி விட்டேன். இழுக்க இல்ல, ஓடிடாம பாதுகாப்புக்கு.

நாலாவது படி. வந்ததும் திரும்ப விட்டுடுறது. வந்தா விளையாட்டு முடிஞ்சது இல்ல, வந்தா மீன், அப்புறம் மறுபடி விளையாட்டு. இது ரொம்ப முக்கியம்.

வந்து சேர்ந்த அந்த நொடியிலேயே "ம்"னு ஒரு சின்னச் சத்தமும் கொடுத்தேன். க்யூ செயலுக்கு முன்னால வர்றது, இது பின்னால வர்றது. "ஆமா, இதுக்குத்தான் மீன்"னு குறிச்சுக் காட்ட. டால்ஃபின் பயிற்சியில விசில், நாய்ப் பயிற்சியில கிளிக்கர் எல்லாம் இந்த வேலைக்குத்தான். பலர் கிளிக்கரை நாயைக் கூப்பிடுற கருவின்னு நினைக்கிறாங்க. அது கூப்பிடாது, சீல் குத்தும்.

அஞ்சு வாரம் ஆச்சு. லீவு முடிஞ்சு நான் ஹாஸ்டலுக்குக் கிளம்புற அன்னைக்கு, கயிறு கட்டி வாசல் பக்கம் கூட்டிட்டுப் போய், டாரஸ் ஒண்ணு கடந்து போகும்போது அம்மாவை உள்ளே இருந்து தட்டச் சொன்னேன். டக்-டக். ரோலக்ஸ் அப்படியே திரும்பி அம்மாகிட்ட ஓடினான். அம்மா மீனைக் கொடுத்துட்டு, கையைச் சேலையில துடைச்சிக்கிட்டு, ரொம்ப நேரம் அவன் தலையைத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

தாத்தா செஞ்ச தப்பு

கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆகஸ்ட்ல அம்மா போன் பண்ணினாங்க. ரேபிஸ் தடுப்பூசி போட டாக்டர் வீட்டுக்கு வந்திருக்கார். ரோலக்ஸ் மாமரத்தடியில. தாத்தா நல்ல எண்ணத்துல சிரட்டையை எடுத்துத் தட்டிட்டார். ரோலக்ஸ் ஓடி வந்தான். பிடிச்சாங்க, ஊசி போட்டாங்க.

மறுநாள் அம்மா தட்டினப்போ பாதி தூரம் வந்து நின்னு யோசிச்சானாம்.

எனக்குக் கோவம் வந்தது. ஆனா யோசிச்சா தாத்தா மேல தப்பில்ல. 'ஊசிக்குத் தட்டக் கூடாது'ன்னு நான் அவருக்குச் சொல்லவே இல்ல. நாய்க்குப் பயிற்சி கொடுத்த நான் வீட்டு ஆளுங்களுக்குக் கொடுக்கல. போன்லயே புது விதி போட்டோம்: குளி, ஊசி, மருந்து, சங்கிலி, இதுக்கெல்லாம் சிரட்டை கிடையாது. நாமே அவன்கிட்ட நடந்து போய், கழுத்துப் பட்டையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். ஊசியை விட முடியாது, அது அவன் உயிர், எங்க உயிர். ஆனா அதுக்கு இந்தச் சத்தத்தைச் செலவழிக்க வேண்டாம். அம்மா மறுபடி முதல் படியில இருந்து ஆரம்பிச்சாங்க. ஒரு வாரத்துல சரியாயிட்டான். அஞ்சு வாரம் சேர்த்த நம்பிக்கை இருந்ததால ஒரு ஊசியைத் தாங்குச்சு. 'வா'வுக்கு அப்படிச் சேர்ப்பு ஒண்ணும் இல்ல.

நீங்க வீட்டுல செய்ய வேண்டியது

இதைப் படிச்ச கையோட ஒரு வாரம் நோட்டு போடுங்க. நாயோ, பூனையோ, ஆடோ, மாடோ, எதுவா இருந்தாலும் சரி. நீங்க கூப்பிட்ட பிறகு அதுக்கு என்ன நடந்ததுன்னு மட்டும் எழுதுங்க. நல்லது கெட்டது ரெண்டு காலம் போதும். கெட்டது காலம் நீளமா இருந்தா, அந்த வார்த்தையை இன்னைக்கே நிறுத்திட்டு வேற ஒண்ணு ஆரம்பிங்க. ஒரு க்யூவை ஒரு தடவைக்கு மேல சொல்லாதீங்க. ஒரே க்யூவை வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி கொடுங்க. வந்ததுக்கு அப்புறம் திட்டாதீங்க, எவ்வளவு லேட்டா வந்தாலும். அது லேட்டா வந்ததுக்குத் திட்டுறீங்கன்னு அதுக்குத் தெரியாது, வந்ததுக்குத் திட்டுறீங்கன்னுதான் படும். கேட்டையும் மறக்காம சாத்துங்க. எந்த க்யூவும் நூத்துக்கு நூறு கிடையாது, தாழ்ப்பாளுக்கு மாத்து சிரட்டை இல்ல.

போன வாரம் அம்மா போன்ல, "எப்ப வாற?"ன்னு கேட்டாங்க. ப்ராஜெக்ட் ரிவ்யூ இருக்கு, வரலன்னேன். போன தடவை வீட்டுக்குப் போனப்போ அரியர் பத்தி ரெண்டு நாள் வகுப்பு எடுத்தது எனக்கு ஞாபகம் வந்திருக்கும் போல. கொஞ்ச நேரம் அம்மா ஒண்ணும் பேசல. அப்புறம் போன்ல ஒரு சத்தம் கேட்டுச்சு. டக்-டக்.

"சாளை வாங்கி வச்சிருக்கேன். அரியர் பத்திப் பேச மாட்டேன். வா."

வெள்ளிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறிட்டேன்.